தபால்பெட்டி தேர்தலில் நிற்கிறது

8 அக்டோபர் 2018, திங்கள்

காலை 7.40க்கு எழுந்தேன், வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் தாமதம். மழை. சமையலறை மேசை மூன்றாவது நாளாக எனக்கு இல்லை. ஐவி அதன்மேல் கோழிவலையை உருளையாக வளைத்து நிறுத்தி, பசையில் நனைத்த செய்தித்தாள்களை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நான் இஸ்திரிப் பலகையை விரித்து, அதன்மேல் தட்டை வைத்து, நின்றபடியே என் முட்டையைச் சாப்பிட்டேன். எனக்கு வயது எழுபத்தொன்பது.

நவம்பர் ஐந்தாம் தேதி ஊர்கூடி மூட்டும் நெருப்பில் போடும் பொம்மை என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். இன்று கேட்டே விட்டேன்.

"தபால்பெட்டி," என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். உள்ளே நான் நிக்கணும். தோள் இடிக்குதா பாரு, இந்தப் பக்கம் பிடி."

"எதுக்கு நீ தபால்பெட்டிக்குள்ள நிக்கணும்?"

"இடைத்தேர்தல்ல சர் ரோலண்டை எதிர்த்து நிக்கப் போறேன் லென். சும்மா கோட்டு போட்டுக்கிட்டுப் போனா எவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான்?"

பசை என் சட்டைக் கையில் பட்டுவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கையில், "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டாள். சொன்னேன், கிழமையையும் சேர்த்துச் சொன்னேன். "சரி," என்று மறுபடி ஒட்டப் போனாள். ஆகஸ்ட் முதல் ஏறக்குறைய தினமும் இப்படிக் கேட்கிறாள். நாள்காட்டி அவள் கண்முன்னேதான் தொங்குகிறது. ஏன் கேட்கிறாள்?

6 ஜூன் 1964 முதல் இவளுடன் வாழ்கிறேன். இன்று காலை அவள் வேடிக்கையாகப் பேசினாளா, மெய்யாகப் பேசினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

9 அக்டோபர் 2018, செவ்வாய்

செவ்வாய் என்பதால், எங்கள் எம்.பி.யாக இருந்த சர் ரோலண்ட் கேண்டலோவின் அலுவலகத்துக்குப் போனேன். பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து 30 ஜூன் 2000 அன்று ஓய்வு பெற்றேன். அதற்கு அடுத்த செவ்வாய் தொடங்கி, அவருக்கு வரும் தபால்களைப் பிரித்துத் தேதி முத்திரை குத்தும் பணியை ஊதியமின்றிச் செய்துவருகிறேன். கட்சி அவரைக் கைகழுவிய பிறகு, அலுவலகம் இப்போது கம்பளக் கடையின் மாடி அறை ஒன்றில் இருக்கிறது. கம்பளத்தின் வாடை தலையைச் சுற்றுகிறது.

பிற்காலத்தில் படித்தால் எனக்கே குழப்பம் வராதபடி நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிவைக்கிறேன். 12 மார்ச் 2018 அன்று எங்கள் ஹாக்ஸ்வெல்லில், ஆற்றின் மேலிருந்த மரநடைபாலம் முறிந்து விழுந்தது. கம்பளிநூல் கடை ஹெட்டிக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. ஹெட்டி ஐவியின் தோழி. பாலம் ஆடுகிறது என்று முன்பே எம்.பி.க்குக் கடிதம் எழுதியதாக ஐவி பத்திரிகையில் சொன்னாள். 17 ஜூலை அன்று சர் ரோலண்ட் நாடாளுமன்றத்தில் எழுந்து, அப்படி ஒரு கடிதமும் தமக்கு வரவில்லை என்றார். அன்று மாலையே தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டு, "பாவம், அந்த அம்மா எழுதணும்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சதையே எழுதிட்டதா நம்பியிருப்பாங்க. வயசாயிட்டா நமக்கெல்லாம் நடக்கிறதுதானே," என்றார். விசாரணை வந்தது. கட்சி விலகிக்கொண்டது. 'மக்களே தீர்ப்புச் சொல்லட்டும்' என்று பதவியைத் துறந்து, அதே இடத்துக்குச் சுயேச்சையாக நிற்கிறார்.

அந்தத் தொலைக்காட்சிப் பேச்சுக்குப் பிறகு கடைத்தெருவில் ஐவியிடம் எல்லோரும் உரக்கவும் மெதுவாகவும் பேசத் தொடங்கினார்கள், குழந்தையிடம் பேசுவதுபோல.

10 அக்டோபர் 2018, புதன்

ஐவியின் அந்தக் கடிதம் வந்தது. 7 பிப்ரவரி 2017, செவ்வாய்க்கிழமை. முத்திரை குத்தியவன் நான்.

11 அக்டோபர் 2018, வியாழன்

நேற்று எழுதிய வரியைக் கிழித்துவிடலாமா என்று இருமுறை யோசித்தேன். முப்பத்தாறு ஆண்டுப் பதிவேட்டில் ஒரு வரியைக்கூட நான் அடித்ததில்லை.

பரணில் இருந்து 2017ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதியில் இருக்கிறது: 'உறைபனி. 23 கடிதங்கள். ஒன்று ஐவி எழுதியது, பாலம் பற்றி. சர் ரோலண்டின் கடிதத் தட்டில் வைத்தேன்.' அவர் அதை என் எதிரிலேயே படித்தார். "உங்க வீட்டம்மா நல்லா எழுதுறாங்களே லெனார்ட்," என்றார். அதன் பிறகு அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. பதில் போயிற்றா என்று நானும் கேட்கவில்லை. ஐவியும் பதிலை எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலையில் சர் ரோலண்ட் தொலைபேசியில் அழைத்தார். "என் ஆபீசோட ஞாபகமே நீங்கதான் லெனார்ட். உங்களுக்கு ஞாபகம் இல்லேன்னா அந்தக் கடிதம் வரலைன்னுதான் அர்த்தம். ஞாபகம் இருக்கா?"

நான் ஓய்வு பெற்ற நாளில் நகராட்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர் ஒருவர்தான் வந்தார். நான் பதிவு செய்த முதல் குழந்தையின் பெயரையும் தேதியையும் எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். அதற்காகவா? அதற்காக மட்டுமா?

"ஞாபகம் இல்லை," என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஐவி அதே கேள்வியைக் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபிக்கவில்லை. கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தேநீர் போடப் போனாள். அந்தப் பார்வை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளுக்குத் தெரியுமா?

12 அக்டோபர் 2018, வெள்ளி

வேட்புமனுவுக்கு இத்தொகுதி வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். ஐவி ஒன்பது பெற்றுவிட்டாள்: ஹெட்டி, முடிதிருத்தும் பெண், இறைச்சிக் கடைக்காரர், தேவாலயப் பாடகர் குழுவில் ஆறு பேர். இன்று காலை மார்மலேட் புட்டிக்குப் பக்கத்தில் மனுவை வைத்தாள்.

"பத்தாவது ஆளா நீ போடு."

"நான் ஐந்து தேர்தலில் சர் ரோலண்டை முன்மொழிந்தவன்."

"இந்தத் தடவை கூப்பிட்டாரா?"

இன்னும் கூப்பிடவில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப கை சும்மாதானே இருக்கு? போடு லென். ஒரு தபால்பெட்டிக்குத்தானே போடுற!"

போட்டேன். எல்லாவற்றுக்கும் கடைசி நிமிடத்தில் ஓடுகிறவள்; மனுவைத் தாக்கலே செய்யமாட்டாள் என்று எண்ணினேன். அப்படி எண்ணினேனா? ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்திடலாம். இருவருக்கு இட்டால், முதலில் தாக்கலான மனுவில் உள்ளதே செல்லும். இந்த விதி எனக்கு மனப்பாடம்.

16 அக்டோபர் 2018, செவ்வாய்

சர் ரோலண்டின் தேர்தல் முகவர் டெஸ்மண்ட் மனுவை நீட்டினார். முன்மொழிபவர் இடத்தில் கம்பளக் கடை முதலாளியின் பெயர். எனக்குப் பத்தாவது வரி.

"தப்பா எடுத்துக்காதீங்க பிக்ஸ்பி சார். வீட்ல அம்மா வேற எதிர்த்து நிக்கிறாங்க. உங்க பேரு மேல இருந்தா பத்திரிகைக்காரன் சிரிப்பான். கீழே இருந்தா ஒருத்தனும் படிக்கமாட்டான்."

பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டேன். ஏற்கெனவே ஒன்று இட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் தொலைபேசியில் பேசத் தொடங்கிவிட்டார். அவர் பேசி முடிக்கும்வரை நான் காத்திருந்திருக்கலாம்.

18 அக்டோபர் 2018, வியாழன்

ஐவி காலை 10.15க்கு மனுவைத் தாக்கல் செய்துவிட்டாள். தபால்பெட்டியாகவே போனாள். நகரமன்றக் கதவு அகலம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி நுழைத்தார்களாம்.

19 அக்டோபர் 2018, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

மனுத் தாக்கல் நான்கு மணிக்கு முடிகிறது. டெஸ்மண்ட் 3.35க்கு வந்தார்; பத்தாவது கையெழுத்துக்கே ஆள் கிடைக்காமல் அலைந்தவர்களிடம் இரண்டாவது மனு இருக்குமா? ஒன்றே ஒன்றுதான். நானும் உடன் போயிருந்தேன். தேர்தல் அலுவலகத்தில் திருமதி அடயெமி பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"மிஸ்டர் பிக்ஸ்பி, நீங்க நேத்தே வேற மனுவுல இருக்கீங்களே."

டெஸ்மண்ட் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"வேற மனுன்னா? யாரு மனு?"

"தபால்பெட்டி," என்றார் திருமதி அடயெமி. "மன்னிக்கணும், ஐவி பிக்ஸ்பி. அது முதல்ல வந்துடுச்சு. இந்தக் கையெழுத்து செல்லாது. இங்க ஒன்பதுதான் இருக்கு. இன்னும் நான் இதை முறைப்படி வாங்கிக்கல. நாலு மணிக்குள்ள இன்னொருத்தரைப் போட வெச்சா எடுத்துக்கறேன்."

அப்போது 3.42. டெஸ்மண்ட் முன்கூடத்துக்கு ஓடினார். நூலகப் புத்தகம் திருப்ப வந்தவர்கள், குப்பைத்தொட்டி கேட்டு வந்தவர்கள், வாகன அபராதத்துக்குச் சண்டை போட வந்தவர்கள் — பதினான்கு பேர் இருந்தார்கள், நான் எண்ணினேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. "அந்த ஆளுக்கா? எங்க அத்தை அந்தப் பாலத்துல தினம் நடந்தவங்க," என்றாள் ஒருத்தி. டெஸ்மண்ட் என்னிடம் திரும்பி வந்து, என் காதருகே, "வேணும்னே பண்ணீங்களா கிழவரே?" என்றார்.

வேணும்னா பண்ணேன்? எனக்கே தெரியலையே! தெரிஞ்சா சொல்லமாட்டேனா?

3.51க்குத் தபால்பெட்டி உள்ளே வந்தது. யார் யார் நிற்கிறார்கள் என்று பட்டியல் பார்க்க வந்திருக்கிறாள். ஹெட்டி தன் நடைவண்டியை உருட்டிக்கொண்டு பின்னால்.

"என்ன இங்க எல்லாரும் சாவு வீடு மாதிரி நிக்கிறீங்க?" என்றது பெட்டி.

திருமதி அடயெமி விவரத்தைச் சொன்னார். பிறகு கடிதம் போடும் துளை வழியாக ஒரு கை வெளியே வந்தது.

"பேனா குடுங்க. நான் யாருக்கும் போடல. என் மனுவுலகூட நான் போடல."

"அடி ஐவி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் ஹெட்டி. "என் இடுப்பை உடைச்சவன்டி!"

"அவன் நிக்கலேன்னா நான் யாரைப் பார்த்துடி கேப்பேன்? சுவத்தையா?"

துளைக்கு அடியில் மனுவைப் பிடித்துக்கொண்டது நான்தான். வேறு யாரும் முன்வரவில்லை. 3.56க்கு சர் ரோலண்ட் கேண்டலோவின் மனு ஏற்கப்பட்டது, பத்தாவது கையெழுத்து அவரை எதிர்ப்பவளுடையது. முன்கூடத்தில் கைதட்டினார்கள். யாருக்கு என்று விளங்கவில்லை.

20 அக்டோபர் 2018, சனி

செவ்வாய்க்கிழமைகளில் இனி வர வேண்டாம் என்று டெஸ்மண்ட் செய்தி அனுப்பியிருக்கிறார். முத்திரைக் கட்டையை எங்கே வைத்திருக்கிறேன் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டாவது இழுப்பறை, இடப்பக்கம்.

25 அக்டோபர் 2018, வியாழன்

எதிர்பாராத ஒன்று. ஐவி தெருவில் நடந்தால் மக்கள் அவள் துளையில் மெய்யான கடிதங்களைப் போடுகிறார்கள். எம்.பி.க்கு எழுதிப் பதில் வராதவர்கள் அதையே மறுபடி எழுதிக்கொண்டு வந்து போடுகிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கவிழ்த்து, மேசைமேல் கொட்டினாள். 61.

"வயித்துல குத்துது லென். மூலையெல்லாம் கூரா இருக்கு."

அப்படியே குவியலாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தேதிவாரியாக அடுக்கினேன். தேதியே இல்லாதவை ஒன்பது! ஒரு குறிப்பேட்டில் வரிசை எண் கொடுத்துப் பதிந்தேன். ஐவி எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு என்னைக் கவனித்தாள். "எத்தனாவது நம்பர்ல இருக்க?" என்று இடையிடையே கேட்டாள். நான் தவறாமல் சொன்னபோதெல்லாம் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. ஏன் அந்த நிம்மதி?

இதில் பதினேழு கடிதங்களின் கையெழுத்து எனக்குப் பழக்கமானது. முன்பே வந்தவை. அவற்றுக்கெல்லாம் முத்திரை குத்தி அந்தத் தட்டில் வைத்தவன் நான்.

28 அக்டோபர் 2018, ஞாயிறு

குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே வைக்கும் நாள். வீட்டில் ஏழு கடிகாரங்கள். காலை எட்டுக்குள் முடித்துவிட்டேன். நான் முடித்த பிறகு ஐவி ஒவ்வொன்றாகப் போய்ச் சரிபார்த்தாள். ஐம்பத்துநான்கு ஆண்டுகளில் இதுவே முதல் முறை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆகஸ்ட் 15 அன்று காது பரிசோதனை என்று என்னை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் என்னை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். காதுக்கும் கழித்தலுக்கும் என்ன சம்பந்தம்?

2 நவம்பர் 2018, வெள்ளி

கடிதங்கள் மொத்தம் 288. தெருவில் சர் ரோலண்டைக் கண்டேன். தொப்பியைத் தொட்டு வணங்கினார். நானும் வணங்கினேன். அவரை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

7 நவம்பர் 2018, புதன்

மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் மாலை ஆறரைக்கு வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் கூட்டம். உட்கார இடமில்லை. மேடையில் ஐந்து நாற்காலிகள். ஐவியால் உட்கார முடியாது என்பதால் அவள் மட்டும் நின்றாள். நூலகத்தை மூட விடமாட்டீர்களா என்று அவளைக் கேட்டதற்கு, "நான் தெருமுனையில நிக்கிறவ. எவன் வந்து மூடுறான்னு பார்த்துச் சொல்றேன்," என்றாள். நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஹெட்டி எழுந்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, சர் ரோலண்டிடம் நேராகக் கேட்டாள்: "கடிதம் வந்துதா, வரலையா?"

அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை.

"ஹெட்டி, உங்களுக்கு நடந்ததுக்கு நான் தினம் வருத்தப்படுறேன். ஆனா வராத கடிதத்துக்கு நான் என்ன பண்ணட்டும்? மிசஸ் பிக்ஸ்பி 2017 மார்ச் மாசம் எழுதினதா சொல்றாங்க. என் தபாலைப் பதினெட்டு வருஷமாப் பிரிச்சவர் யாரு? அவங்க வீட்டுக்காரரேதான். அதோ, மூணாவது வரிசையில இருக்கார். அவங்க மனுவுக்கே கையெழுத்துப் போட்டவர். ஹாக்ஸ்வெல்லுலயே தேதி தப்பாத மனுஷன். ஜூலையில நானே கேட்டேன், அப்படி எதுவும் ஞாபகம் இல்லைன்னார். எழுந்திருங்க லெனார்ட். மார்ச் மாசம் அப்படி ஒரு கடிதம் வந்துதா?"

எழுந்தேன். நான் என்ன எண்ணி எழுந்தேன் என்பதைச் சரியாக எழுதிவைக்க வேண்டும். எதையும் எண்ணவில்லை. மாதம் தவறு என்பது மட்டுமே என் தலையில் இருந்தது.

"மார்ச் இல்லை," என்றேன். "பிப்ரவரி ஏழு. செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு வந்த இருபத்துமூணுல ஒண்ணு. நீங்க என் முன்னாடிதான் படிச்சீங்க."

சர் ரோலண்ட் புன்னகை மாறாமல் என்னைப் பார்த்தபடியே இருந்தார். அதன் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கினார்கள்.

நான் தேதியைத் திருத்தத்தான் எழுந்தேன். அவரைக் காட்டிக்கொடுக்க எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை. அப்படியென்றால் நான் செய்தது என்ன? தபால்பெட்டியைப் பார்த்தேன். அதற்கு முகம் இல்லை. துளை மட்டும் கறுப்பாக என் பக்கம் திரும்பியிருந்தது.

8 நவம்பர் 2018, வியாழன்

ஐவி நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன், ஆம்.

காலையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். இரவு முழுவதும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"ஆமா."

"ஜூலையிலேயே தெரியும்."

"ஆமா."

"லென், எனக்குப் பைத்தியம்னு ஊரு சொல்லிச்சே, அதைக்கூட விடு. தொலையட்டும். அதுக்குத்தான் பெட்டியை மாட்டிக்கிட்டுப் போனேன். ஆனா நீ 'ஞாபகம் இல்லை'ன்னு சொன்னியே — நீ! பக்கத்து வீட்டு நாய் செத்த தேதியை வெச்சிருக்கிற நீ! உனக்குத்தான் புத்தி கலங்க ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன்டா. நாலு மாசமா. தினம் தேதி கேட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். நீ தூங்கினப்புறம் குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். இன்னும் எத்தனை வருஷம் என் பேரு உனக்கு ஞாபகம் இருக்கும்னு கணக்குப் போட்டேன். நீ என்னடான்னா முழுசா எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்து முட்டை தின்னுட்டிருந்த!"

அந்தப் பார்வை, கன்னத்தைத் தொட்டது, நம்பர் கேட்டது — எல்லாம் அதுதானா! நான் கண்டுபிடிக்கலையே. தினமும் எதிர்லயே உட்கார்ந்திருந்தும் கண்டுபிடிக்கலையே.

ஒரு சிறிய துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஹெட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். மணி 9.20. தபால்பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

9 நவம்பர் 2018, வெள்ளி

இறைச்சிக் கடைக்காரர் வந்து தபால்பெட்டியை எடுத்துப்போனார். "நீங்க பேசினது பெரிய விஷயம் மிஸ்டர் பிக்ஸ்பி," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரே இப்படிக் குலுக்குகிறது. மேசை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இஸ்திரிப் பலகையிலேயே சாப்பிட்டேன்.

11 நவம்பர் 2018, ஞாயிறு

முதல் உலகப் போர் முடிந்து நூறு ஆண்டு. பதினோரு மணிக்கு நினைவுத் தூண் அருகே இரண்டு நிமிட மௌனம். ஐவி எதிர்ப்புறம் ஹெட்டியுடன், நீலக் கோட்டில். ஒரு முறை பார்த்தாள். அல்லது என் பின்னால் இருந்த யாரையோ.

15 நவம்பர் 2018, வியாழன்

வாக்குச்சாவடிக்குக் காலை ஏழுக்கே போனேன்; நானே முதல் ஆள். வாக்கு ரகசியமானது. இந்த ஏட்டிலும் அது ரகசியமாகவே இருக்கும்.

தடுப்புக்குள் ஆறு நிமிடம் நின்றேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

16 நவம்பர் 2018, வெள்ளி

காலை ஒன்பது முதல் விளையாட்டுக் கூடத்தில் எண்ணிக்கை. பின்வரிசையில் நின்றேன். 1.25க்கு வேட்பாளர்கள் அனைவரும் வழக்கப்படி மேடையில் ஒரே வரிசையில் நின்றார்கள். ஆங்கில அகரவரிசை என்பதால் பிக்ஸ்பியும் கேண்டலோவும் பக்கத்தில் பக்கத்தில். தபால்பெட்டியின் விளிம்பு இடித்து சர் ரோலண்டின் கோட்டில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிக்ஸ்பி 1,906. கேண்டலோ 9,412. அவருடைய பழைய கட்சி நிறுத்திய பள்ளி ஆசிரியை 11,038, அவரே வென்றார். ஐவி நான்காவது இடம்.

ஐவி பேசியது சில வரிகள்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு பேர் ஒரு தபால்பெட்டிக்கு ஓட்டுப் போட்டிருக்கீங்க. உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? சரி, போட்டது போட்டாச்சு. எனக்குள்ள நீங்க போட்ட கடிதம் எல்லாத்துக்கும் பதில் வரும். நேரமாகும், திட்டாதீங்க." கூடம் அதிர்ந்தது. சர் ரோலண்டும் கைதட்டினார்.

இறங்கிப் போகையில் அவர் என் முன் நின்றார். நான் பின்வாங்கவில்லை.

"பிப்ரவரி ஏழு," என்றார்.

"ஆமாம்."

"நீங்க மறந்திருப்பீங்கன்னு நிஜமாவே நம்பினேன் லெனார்ட். எனக்கே மறந்துபோச்சுன்னு நானே நம்பிட்டேன்." கையை நீட்டினார். குலுக்கினேன். அவர் சொன்னது பொய்யா, மெய்யா? அந்தக் கை சில்லென்று இருந்தது. ஏன் குலுக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஐவி கதவருகே பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தாள். உதவப் போவதற்குள் வேறு நான்கு பேர் பிடித்துவிட்டார்கள்.

20 நவம்பர் 2018, செவ்வாய்

காலை பத்துக்குக் கதவு மணி அடித்தது. சாவி வைத்திருப்பவள் மணியடித்துவிட்டு வெளியே காத்திருந்தாள்.

"பதில் எழுதணும். 437 இருக்கு. குறிப்பேடு உன்கிட்டதான் இருக்கு," என்றாள்.

"உள்ளே வா."

"பத்துலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும்தான். செவ்வாய்க்கிழமை மட்டும். நான் இன்னும் உன்மேல கோபமாத்தான் இருக்கேன், அதையும் எழுதி வெச்சுக்கோ."

எழுதிவைத்துவிட்டேன்.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் கடிதம் தெருவிளக்கு பற்றியது. "எங்களால சரிபண்ண முடியாது, ஆனா படிச்சோம்," என்று எழுதச் சொன்னாள். அப்படி எழுதுவது முறையல்ல என்றேன். "முறையா எழுதத் தெரிஞ்சவங்கதான் பதிலே எழுதலையே," என்றாள். மறுபேச்சின்றி எழுதினேன். பன்னிரண்டுக்கு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனாள். 19 பதில்கள்.

27 நவம்பர் 2018, செவ்வாய்

10.00 முதல் 12.00 வரை. 24 பதில்கள். தேநீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள்.

4 டிசம்பர் 2018, செவ்வாய்

மழை. பத்துக்கு வந்தாள். கடிதங்களில் ஒன்று பதினொரு பக்கம். அண்டை வீட்டுச் சேவல் பற்றியது. படித்துக்கொண்டே வந்தவள் ஏழாம் பக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தோம் என்று தேடிப் பார்த்தேன், தேதி அகப்படவில்லை.

நான் ஒன்று கேட்டேன். இதை எப்படிக் கேட்பது என்று மூன்று வாரமாக வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாம் கலைந்து, "அழுதப்போ என்னை எழுப்பியிருக்கலாமே ஐவி," என்றுதான் வந்தது.

அவள் பேனாவின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள், மாட்டினாள். "எழுப்பி?" என்றாள். "என்ன சொல்லியிருப்ப?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. அவள் தலையசைத்தாள், அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

பன்னிரண்டு அடித்தது. எழுந்து கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தவள் அப்படியே நின்று, ஜன்னலில் மழையைப் பார்த்தாள்.

"மதியத்துக்கு என்ன வெச்சிருக்க?"

"உருளைக்கிழங்கு சூப். நேற்றையது."

"உப்பு போட்டியா, இல்ல வழக்கம்போலயா?"

"வழக்கம்போல."

கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள். உப்புக் குடுவையைத் தேடி எடுத்தாள். அதன் பிறகு எத்தனை பதில்கள் எழுதினோம் என்று எண்ணவில்லை. எத்தனை மணிக்கு எழுந்து போனாள் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை.